எண்ணிக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு ஒரு வேன் வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். சாயங்காலம் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "டீச்சர், வெள்ளைக் கோட்டுப் போட்ட அக்காக்கள் வந்து எல்லோருடைய பல்லையும் பார்த்தார்கள்" என்றாள். பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லையாம். ஆளுக்கு ஒரு சின்னப் பற்பசையும் பிரஷும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்களாம். அன்று இரவே இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். நீளமாகிவிட்டது; பொறுத்துக்கொண்டு வெளியிட வேண்டுகிறேன்.

பாலக்கோடு வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். முதலில் அறிவியல் ஆசிரியை, கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியை. எனக்கு வயது 64. பிறந்ததும் வளர்ந்ததும் இதே வட்டம். என் முன்பற்கள் நான்கும் காவி நிறம். குறுக்கே வெள்ளைத் திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் ஓடும். என் திருமணப் புகைப்படத்தில் நான் உதட்டை இறுக மூடிக்கொண்டு நிற்கிறேன். கோபமாக இருந்ததாகப் பேரப்பிள்ளைகள் நினைக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் எதிரில் புடவைத் தலைப்பை வாய்க்கருகில் கொண்டுபோகும் பழக்கம் எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு கூடுதல், பல்லில் இப்படிக் கறை ஏறுவது அதனால்தான் என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த செய்தி. எங்கள் பாறைகளில் அது இருக்கிறது. கிணறு ஆழமாக ஆழமாகத் தண்ணீரில் கரைந்து வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரைதான் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். நாங்கள் சிறு பிள்ளைகளாக இருந்தபோது இதையெல்லாம் சொல்ல ஆளில்லை. பல் துலக்காத பிள்ளை என்று அடி வாங்கினோம். சாம்பலாலும் செங்கல் பொடியாலும் தேய்த்துத் தேய்த்து ஈறில் ரத்தம் வரும், கறை போகாது. அது மேலே படிந்த அழுக்காக இருந்தால்தானே போகும்?

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2016 ஆகஸ்டு மாதம் எங்கள் பள்ளிக்கு ஒரு பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். எந்தக் கல்லூரி என்று சொல்ல விரும்பவில்லை, குறை அவர்களுடையது மட்டும் இல்லை. புங்க மரத்தடியில் இரண்டு பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்தோம். வாய்க்குள் வெளிச்சம் வேண்டும் என்று சொல்லி வெயில் படும் இடத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பிள்ளை அண்ணாந்து உட்கார, ஒரு மாணவி பின்னால் நின்று சின்னக் கண்ணாடியால் உதட்டை விலக்கி ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் எண் சொன்னாள். "மூன்று, மூன்று, இரண்டு, மூன்று..." எதிரே இருந்தவர் அட்டையில் எழுதினார். பிள்ளைக்கு ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அன்று 112 பிள்ளைகளைப் பார்த்து முடித்தார்கள். பள்ளிக்கும் ஒரு கணக்கு இருக்கட்டும் என்று நானும் ஒரு நோட்டை எடுத்து, பெயருக்கு எதிரே அவர்கள் சொன்ன எண்களை எழுதிக்கொண்டே வந்தேன்.

ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து என்னிடம் வந்தாள். நன்றாகப் படிக்கிற பெண். "டீச்சர், எனக்கு மூன்று போட்டிருக்கிறார்கள். எத்தனைக்கு மூன்று?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மாணவர்களிடம் கேட்டதற்கு, அது ஆய்வுக்கான குறியீடு மேடம் என்றார்கள். மதியம் எங்களோடு உட்கார்ந்து சத்துணவுச் சோறு சாப்பிட்டார்கள். பயந்து அழுத முதல் வகுப்புப் பையனை ஒரு மாணவி மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சமாதானம் செய்தாள். நல்ல பிள்ளைகள், அவர்களை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். மாலையில் என்னிடம் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு மாதம் கழித்து ஒத்துழைப்புக்கு நன்றி தெரிவித்து ஒரு கடிதம் வந்தது. முடிவு என்ன, எத்தனை பிள்ளைகளுக்கு எந்த அளவு பாதிப்பு, எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு வரி கூட இன்றுவரை வரவில்லை. அந்தப் பெண் எட்டாம் வகுப்பை முடித்து வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். அவள் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை.

பதில் எனக்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. என் அண்ணன் மகள் 2019-ல் பல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தாள். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி. அந்தத் தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் பலகாரத்தைக் கூடச் சரியாகச் சாப்பிடாமல் மெழுகுக் கட்டியையும் செதுக்கும் கத்தியையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். முதலாம் ஆண்டில் ஒவ்வொரு பல்லையும் அளவு பிசகாமல் மெழுகில் செதுக்கிக் காட்ட வேண்டுமாம். ஒரு கோடு தவறினால் பேராசிரியர் திருப்பித் தந்துவிடுவாராம். ஆறு இரவுகள் செதுக்கி முடித்த ஒரு பல்லை என் உள்ளங்கையில் வைத்தாள். "அத்தை, இது மேல்தாடை முதல் கடைவாய்ப் பல்" என்றாள்.

நான் 29 ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பல்லைப் பற்றிப் பாடம் நடத்தியவள். ஒரு பல்லை அப்படிப் பார்த்ததில்லை. மேலே நான்கு மேடுகள். அவற்றில் இரண்டு மேடுகளை மூலைவாட்டில் இணைக்கும் ஒரு வரப்பு. மேடுகளுக்கு நடுவே ஓடைகளைப் போல இறங்கும் பள்ளங்கள். அடியில் மூன்று வேர்கள். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் பெரிதாக ஒன்று. சிலருக்கு அண்ணத்துப் பக்க மேட்டின் சரிவில் ஐந்தாவதாக ஒரு சின்ன மொட்டு இருக்குமாம். அதற்கு வியன்னாவில் இருந்த கரபெல்லி என்ற மருத்துவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். சொன்னதும் நாக்கால் தேடிப் பார்த்தேன். எனக்கு இருக்கிறது. அறுபதை நெருங்கும் வயதில் என் வாயில் எனக்குத் தெரியாத ஒன்றை ஒரு பத்தொன்பது வயதுப் பெண் காட்டிக்கொடுத்தாள்.

பிறகு அவள் சொன்னவைதான் இந்தக் கடிதத்துக்கே வேர். பல்லின் மேலுறையான எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாது உப்பு. அதைக் கட்டுகிற செல்கள் பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போதே அழிந்துவிடுகின்றன. அதனால் எலும்பு உடைந்தால் கூடும், தோல் அறுந்தால் மூடும், எனாமல் போனால் போனதுதான். அது நாளுக்கு நாள் படிந்து வளர்வது. நுண்ணோக்கியில் பார்த்தால் அன்றாட வரிகளே தெரியுமாம். குழந்தை பிறக்கும் வேளையில் ஒரு தனிக்கோடு விழுகிறது. முன்பற்களின் எனாமல் பிறந்த மூன்று நான்கு மாதங்களில் தொடங்கி நான்கைந்து வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அந்தக் காலத்தில் குழந்தை குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்தால் எனாமல் அடியில் இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடும். பல் முளைத்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறிக் காவியாகிறது. அப்படியானால் என் பல்லில் இருப்பது 1960-களில் எங்கள் வீட்டுக் கிணற்றில் இருந்த தண்ணீரின் கணக்கு. நான் பல் துலக்கவில்லை என்பதற்காக வாங்கிய அடிகளுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அன்றைக்குத்தான் அந்த எண்களைப் பற்றியும் கேட்டேன். டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1930-களில் வகுத்துப் பின்னர் திருத்திய அளவுகோல் அது. சுழியம் என்றால் குறையில்லாத பல். நான்கு என்றால் குழி விழுந்து எனாமல் உதிர்ந்த பல். மூன்று என்றால் பல்பரப்பு முழுவதும் பாதித்து, பெரும்பாலும் காவிக்கறையும் ஏறியது. நான்குக்கு மூன்று. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு இவ்வளவுதான் பதில். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் 112 பிள்ளைகளில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை.

உங்கள் மெழுகுப் பல்லில் எங்கள் ஊர்ப் பல் எங்கே என்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். செதுக்குவதும் குறையில்லாத பல், பயிற்சிக்காகப் பொம்மைத் தலையில் பொருத்தியிருக்கும் பிளாஸ்டிக் பற்களும் குறையில்லாதவை, ஃபுளோரோசிஸ் என்கிற இந்த ஃபுளோரைடு பாதிப்பு புத்தகத்தில் படங்களோடு ஒரு பகுதியாக வருகிறது என்றாள். பின்னர், மூன்றாம் ஆண்டில் அவள் கைக்கு முதன்முதலாக எங்கள் பக்கத்து நோயாளி ஒருவர் வந்திருக்கிறார். அவள் அடைத்த அடைப்பு சில வாரங்களில் பெயர்ந்து விழுந்துவிட்டது. பல்லோடு ஒட்டுவதற்காக முதலில் அமிலம் தடவி எனாமலைச் சொரசொரப்பாக்குவார்கள். ஃபுளோரைடு ஏறிய பல்லின் மேற்பரப்பு அந்த அமிலத்துக்கு எளிதில் இளகாது. அடியிலோ பஞ்சுபோல இருக்கும். நேரமும் முறையும் வேறாக இருக்க வேண்டும். இதை அவள் புத்தகத்திலிருந்து தெரிந்துகொள்ளவில்லை, அந்த நோயாளி திரும்பி வந்து திட்டியபோது தெரிந்துகொண்டாள். இரண்டு மாவட்டத்து மக்களின் வாயில் இருக்கிற பல் ஒரு மாணவிக்கு மூன்றாம் ஆண்டில் தற்செயலாக அறிமுகமாவது சரியா? பல் மருத்துவம் படிக்கிற ஒவ்வொருவரும் பயிற்சி ஆண்டில் சில வாரங்களாவது எங்கள் பக்கத்து அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை செய்ய வேண்டும் என்று நான் கேட்பதற்குக் காரணம் இதுதான். தருமபுரிக்கு 2008-லும் கிருஷ்ணகிரிக்கு 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்தன. அரசு பல் மருத்துவக் கல்லூரி இரண்டு மாவட்டத்திலும் இல்லை. புதிய கல்லூரி வரும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள். இருக்கிற கல்லூரிகளின் மாணவர்களை அனுப்புங்கள். எங்கள் வீடுகளிலேயே தங்கவைத்துக் களி போட்டுப் பார்த்துக்கொள்கிறோம்.

இன்னொரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது என் மனத்தை அறுப்பது. 2017-ல் நான்காம் வகுப்பில் இருந்தான். கன்னம் வீங்கி, கண் பாதி மூடி, பள்ளிக்கு வந்தான். அவன் தாய் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். வரவழைத்துக் கேட்டேன். "பால்பல்தான் டீச்சரம்மா, பிடுங்கிவிட்டால் வேறு முளைத்துவிடும்" என்றார். நானும் தலையாட்டினேன். நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பிடுங்கிவிட்டு வந்தார்கள். வீக்கம் வற்றியது. பல் முளைக்கவில்லை. மெழுகுப் பல்லைக் கையில் வைத்திருந்த அந்த இரவில்தான் ஏன் முளைக்கவில்லை என்பது எனக்குப் புரிந்தது. பால்பற்கள் 20, நிலையான பற்கள் 32 என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! ஆறு வயதில், ஒரு பால்பல்லும் விழாமல், பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் ஒரு நிலையான கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது என்பதை ஒரு வகுப்பிலும் சொன்னதில்லை. விழுந்து முளைக்காததால் எந்தத் தாயும் அதைக் கவனிப்பதில்லை. போதாததற்கு, அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப் பல்லும் அச்சு அசலாக அதே வடிவத்தில் சின்னதாக இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள்.

எனவே இந்தக் கடிதத்தைப் படிக்கிற தாய்மார்கள், பாட்டிமார்கள் தயவுசெய்து இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஆறு, ஏழு வயதுப் பிள்ளையை வெளிச்சத்தில் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஐந்து வரை பால்பல்லின் இடம். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது நிலையான பல், அந்தப் பிள்ளையின் ஆயுளுக்கும் அது ஒன்றுதான். அதன் பள்ளங்கள் பிரஷ் முடி கூட நுழையாத அளவு குறுகலானவை. மிட்டாயும் பிஸ்கட்டும் அங்கேதான் தங்கிச் சொத்தையைத் தொடங்குகின்றன. அந்தப் பள்ளங்களை ஒரு பூச்சால் மூடிவிடலாம். ஊசி வேண்டாம், பல்லைக் குடைய வேண்டாம், வலி இல்லை, சில நிமிட வேலை. ஃபுளோரைடு ஏறிய பல்லில் அதையும் கூடுதல் கவனத்தோடு செய்ய வேண்டும் என்கிறாள் என் அண்ணன் மகள். அந்தப் பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். இடப்பக்கம் மட்டும்தான் மெல்லுகிறான். பல் போன இடத்தை நோக்கிப் பின்பல் சாய்ந்துவிட்டது. மேல்பல் கீழே இறங்கிவிட்டது. நிலக்கடலையை வாயில் போட்டுக்கொண்டு கன்னத்தை ஒருக்களித்து அவன் கடிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

2016-ல் வந்த அந்த மாணவர்கள் நம் பிள்ளைகளின் வாயைத் திறந்துதான் பார்த்தார்கள். அந்தப் பையனும் அன்று வரிசையில் இருந்தான், மூன்றாம் வகுப்பு. அவனுடைய ஆறு வயதுப் பல்லில் ஏற்கெனவே கரும்புள்ளி இருந்திருக்கும். அட்டையில் எண்ணாகப் பதிவாகியிருக்கலாம். பார்த்த கையோடு பள்ளத்தை அடைத்திருந்தால், குறைந்தபட்சம் அவன் தாய்க்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பல் இன்று அவன் வாயில் இருக்கும். இதைத்தான் நான் மறுபடி மறுபடி கேட்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் சிகிச்சைப் பெட்டியோடு வர வேண்டும்.

நோயாளியைக் கவனிப்பது என்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சில ஆண்டுகளுக்கு முன் முன்பல் ஒன்று கூசியதால் நகரத்தில் ஒரு தனியார் மருத்துவரிடம் போனேன். வாயைத் திறந்ததும், என்ன தொந்தரவு என்று கேட்பதற்கு முன்பே, முன்பற்கள் ஆறுக்கும் உறை போட்டுவிடலாம் அம்மா, சிரித்தால் அழகாக இருக்கும் என்றார். உறை போட வேண்டுமானால் பல்லைச் சுற்றிலும் சீவிக் குறுக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. எழுந்து வந்துவிட்டேன். பிறகு ஓர் அரசு மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவரைப் பார்த்தேன். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அவர் ஒரு முகக்கண்ணாடியை என் கையில் கொடுத்து, என் பல்லை எனக்கே காட்டி, எது கறை, எது தேய்மானம், எது சொத்தை என்று விளக்கினார். கூசுவது ஈறு இறங்கிய இடத்தில், கறைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றார். கறையை என்ன செய்யலாம், எதைச் செய்தால் எவ்வளவு பல் இழப்பு என்பதையும் சொல்லி, முடிவை என்னிடம் விட்டார். ஐந்து நிமிடம். அந்தக் கண்ணாடியைக் கையில் கொடுப்பதை எந்தக் கல்லூரியில் எந்த ஆண்டில் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்தால் அங்கே போய் நன்றி சொல்வேன்.

ஆய்வு வேண்டாம் என்று சொல்பவள் நான் இல்லை. ஆய்வுதான் எங்களுக்கு வழி காட்டியது. அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊருக்கு 1901-ல் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் தொழில் செய்யப் போனார். அங்கே பலருடைய பற்கள் காவியாக இருப்பதைப் பார்த்துக் காரணத்தைத் தேடத் தொடங்கியவர், முப்பது ஆண்டுகள் விடவில்லை. 1923-ல் ஐடஹோ மாநிலத்தில் ஓக்லி என்ற ஊருக்கு அவர் போனபோது, பெற்றோர்களே அவரிடம் ஒரு விஷயம் சொன்னார்கள்: ஐந்து மைல் தள்ளியிருந்த வெந்நீர் ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த பிறகுதான் பிள்ளைகளின் பல் இப்படி ஆயிற்று என்று. அவர் தண்ணீரைச் சோதித்தார். அன்றைய சோதனையில் எதுவும் தெரியவில்லை. ஆனாலும் பெற்றோர் சொன்னதை நம்பி, அந்தக் குழாயை விட்டு வேறு ஊற்றுக்கு மாறச் சொன்னார். சில ஆண்டுகளில் அடுத்தடுத்த பிள்ளைகளுக்குக் கறையில்லாத பற்கள் முளைத்தன. ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931-ல் உறுதியானது. நம் நாட்டிலும் 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் எலும்பு வரை போகும் ஃபுளோரைடு நோயை மருத்துவர்கள் பதிவு செய்துவிட்டார்கள். என் தந்தை கடைசி எட்டு ஆண்டுகள் முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல், ஆளைப் பார்க்க உடம்போடு திரும்புவார். வயசான வாதம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

மெக்கே ஊராரிடம் கேட்டார். ஊராரும் பலனைக் கண்ணால் பார்த்தார்கள். எங்களிடம் வருகிறவர்கள் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. கேட்டால் நாங்கள் ஓர் ஆய்வுக்கே தலைப்புக் கொடுப்போம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டம் ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் தொடங்கி, ரூ.1,928 கோடிக்கு மேல் செலவில் 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் எங்கள் தெருக்குழாயில் வந்த அன்று நாங்கள் குழாய்க்குப் பொட்டு வைத்துக் கற்பூரம் காட்டினோம். அந்த ஆண்டு பிறந்த பிள்ளைகளுக்கு இன்று நிலையான பற்கள் ஏறக்குறைய எல்லாம் முளைத்துவிட்டன. ஒரே வீட்டில் 2006-ல் பிறந்த அக்காவின் முன்பல்லையும் 2015-ல் பிறந்த தம்பியின் முன்பல்லையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திட்டத்தின் பெயரிலேயே இருக்கிற ஃபுளோரோசிஸ் தடுப்பு எவ்வளவு நிறைவேறியது என்பதை அந்தப் பற்களே சொல்லிவிடும். எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு ஒருமுறைதான் ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது. இடைப்பட்ட நாளில் அதே தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றுகிறார்கள். எங்கே கலப்பு அதிகம், எங்கே குறைவு என்பதும் ஊர் ஊராகப் பிள்ளைகளின் பல்லில் எழுதியிருக்கும். கொதிக்கவைத்தால் கெடுதல் போய்விடும் என்று நம்புகிற வீடுகள் இன்னும் ஏராளம். தண்ணீர் வற்ற வற்ற ஃபுளோரைடு செறிவுதான் கூடும் என்பதை இந்த ஆய்வாளர்களில் ஒருவராவது வீட்டு வாசலில் நின்று சொல்லியிருக்கலாம்.

பல் மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிற ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும் என்பது விதி. அது ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, அட்டை கட்டி, நூலகத்துக்குப் போகிறது. போகட்டும். அதோடு ஒரு பக்கம், ஒரே ஒரு பக்கம், தமிழில் எழுதி, ஆய்வு நடந்த பள்ளிக்கும் ஊராட்சிக்கும் கொடுத்தால்தான் ஆய்வேட்டை ஏற்போம் என்று ஒரு விதி செய்யக் கூடாதா? தளி, அஞ்செட்டி பக்கத்தில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற வீடுகள் நிறைய; அங்கே கிராம சபையில் அந்த மொழிகளில் வாசித்துக் காட்டட்டும். 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. படிப்பின் விதிகளைத் திருத்தும் இந்தச் சமயத்தில் இதைச் சேர்ப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீடு தேடி வந்து ரத்த அழுத்தம் பார்க்கிற அந்தச் சகோதரிகளுக்கு ஆறு வயதுப் பல்லை எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் ஒரே வருடத்தில் எத்தனை பற்கள் தப்பும்!

போன மாதம் காரிமங்கலம் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏழாம் வகுப்பில் என்னிடம் கேள்வி கேட்ட அதே பெண். வயது 21. அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. என்னோடு பேசும்போது வலக்கையை வாய்க்கருகில் கொண்டுபோனாள். நான் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "நான்குக்கு மூன்று அம்மா" என்றேன். அவளுக்கு உடனே நினைவு வரவில்லை. விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவனுக்கு எந்தத் தண்ணீர் கொடுக்கட்டும் டீச்சர்? எங்கள் தெருவில் போர் தண்ணீர்தான் வருகிறது" என்றாள்.

தாய்ப்பாலில் ஃபுளோரைடு மிகக் குறைவு, இப்போதைக்குப் பயமில்லை, அந்தத் தண்ணீரில் பால்பொடி மட்டும் கலக்காதே என்றேன். ஆறு மாதம் முடிந்து கஞ்சியும் கூழும் கொடுக்கத் தொடங்கியதும் என்ன செய்வது, அந்தக் குழாய்த் தண்ணீரை எங்கே கொண்டுபோய்ச் சோதிப்பது, சிறு பிள்ளைக்கு எந்தப் பற்பசை, எவ்வளவு என்பதை அவளுக்குச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டும். அந்தக் குழந்தையின் முன்பற்களின் எனாமல் இந்த மாதங்களில்தான் ஈறுக்குள் படிந்துகொண்டிருக்கிறது.

2016-ஆம் ஆண்டு நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 112 பெயர்கள், எதிரே எண்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் வீடு எனக்குத் தெரியும். சென்ற வாரம் வந்த வேனில் இருந்தவர்களோ, இனி வரப்போகிறவர்களோ இந்தக் கடிதத்தைப் படித்தால், உங்கள் அலுவலகம் வழியாக என்னைத் தொடர்பு கொள்ளட்டும். அந்தப் பிள்ளைகள் சம்மதித்தால், வீடு வீடாக நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை,
பாலக்கோடு வட்டம், தருமபுரி மாவட்டம்.